வாங்குவாரற்ற காணியில் எழுந்த பூங்கா

நகரப் பூங்கா என்றவுடன் நம் மனக்கண்ணிலே தோன்றுவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். புற்றரை, பூம்பாத்தி, நடுவே ஒரு நீரூற்று, பீடத்தின் மேல் யாரோ ஒரு பெரியாரின் சிலை. இவற்றையெல்லாம் நகரசபையார் பொதுமக்களுக்கென்றே திட்டமிட்டு அமைத்தனர் என்றும் நாம் எண்ணிக்கொள்வோம். ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரிலே ஒரு குன்றின் சரிவில் அமைந்துள்ள குவெல் பூங்காவின் வரலாறோ வேறு விதமானது. செல்வர் சிலர் ஊராரின் இரைச்சலுக்கு எட்டாது வாழவேண்டுமென்று மதில் எழுப்பி வளைத்த காணி அது. அவர்கள் வரவில்லை, ஊரார் வந்தனர்.

எவுசேபி குவெல் என்பவர் நெசவாலை அதிபர். அவர் தந்தையார் கியூபாத் தீவிலே வணிகஞ் செய்து பெரும்பொருள் ஈட்டித் திரும்பியவர். கலையைப் பற்றிப் பேசும்போது அதற்குப் பணம் வந்த வழியையும் ஒரு முறை திரும்பிப் பார்ப்பதில் தவறில்லை. குவெலின் மாமனாராகிய அந்தோனியோ லோப்பெஸுக்கு அந்நகரிலே ஒரு சிலை இருந்தது. அவர் அடிமை வாணிபத்தில் ஈடுபட்டவர் என்ற குற்றச்சாட்டு நெடுநாள் நிலவியமையால், 2018 ஆம் ஆண்டிலே நகரசபை அச்சிலையைப் பீடத்திலிருந்து இறக்கிவிட்டது.

அக்காலத்து இங்கிலாந்திலே, நகரத்தின் புகையை விட்டொதுங்கித் தோட்டங்களுக்கு நடுவே வீடுகட்டி வாழும் முறை மதிப்புப் பெற்று வந்தது. குவெல் அதிலே மனம் பற்றினார். தம் தாய்மொழியாகிய கத்தலான் மொழியை விடுத்து, ஆங்கிலேயர் எழுதும் வண்ணமே ‘பார்க்’ என்ற சொல்லை வாயிலின் இருபுறமும் பதிப்பித்தார். 1900 ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. ஏறக்குறைய 42 ஏக்கர் நிலம், 60 காணித்துண்டுகள், ஒவ்வொரு துண்டிலும் ஆறிலொரு பங்கிலே மட்டும் கட்டடம் எழலாம் என்பது நிபந்தனை. திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு அந்தோனி கௌடி என்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அந்தக் குன்றுக்கு ஊரார் இட்ட பெயர் மொட்டை மலை. மண் வறண்டது, நீர் அரிது. கௌடியின் அறிவு எங்கே வெளிப்படுகிறதென்று என்னைக் கேட்டால், பலரும் படம் பிடிக்கும் வண்ண ஓடுகளைக் காட்டேன். அந்நிலத்திலே அவர் மழைநீரை நடத்திச் சென்ற வழியைத்தான் காட்டுவேன். குன்றின் நடுவே அகன்ற முற்றமொன்று உண்டு. அதன் தரைக்குக் கல் பாவவில்லை, மண்ணே பரப்பினார். பெய்யும் மழை அம்மண்ணூடே வடிந்து தெளிகிறது. முற்றத்தைத் தாங்கிக் கீழே 86 தூண்கள் கொண்ட மண்டபம் நிற்கிறது. பழைய கிரேக்கக் கோயில் தூண்களை நினைவூட்டும் தூண்கள். வடிந்த நீர் இத்தூண்களின் உள்ளே மறைந்து இறங்கி, மண்டபத்துக்கும் அடியிலுள்ள பெருந்தொட்டியை அடைகிறது. அதன் கொள்ளளவு 1,200 கன மீட்டர். நம் கணக்கிலே ஏறக்குறைய 2,60,000 கலன். கோடையிலே மரஞ்செடிகளுக்கு ஊற்றுவதற்கென்று சேர்த்த நீர் அது.

தொட்டி நிரம்பினால் மிகுதி நீர் என் செய்வது? நம்மூர்க் குளங்கள் வான் பாய்வதை அறியாதவர் யார்? இங்கே அந்த வானை ஒரு விலங்கின் வாயாக்கி வைத்தார். வாயிற் படிக்கட்டின் நடுவே உடும்பு போன்ற ஓர் உருவம், பலநிற ஓட்டுத்துண்டுகளைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறது. பல்லி இனம் என்பார் சிலர். பழங்கதைகளில் வரும் நெருப்புக் கக்கும் நாகம் என்பார் வேறு சிலர். எதுவாயினும், அது கக்கியது தொட்டியின் மிகுநீரே.

மேல் முற்றத்தைச் சுற்றிப் பாம்பென வளைந்து செல்லும் இருக்கை ஏறக்குறைய 360 அடி நீளமானது. அதன்மேற் பதித்த வண்ணக் கோலங்களிற் பெரும்பகுதி யோசேப் மரியா யுயோல் என்ற இளைய கலைஞரின் கைவண்ணம். புகழெல்லாம் கௌடியின் பேரிலே சென்றுவிட்டமையால் இவர் பெயரை நாம் வலிந்து சொல்லவேண்டியிருக்கிறது. ஆலைகளிற் பழுதென்று ஒதுக்கிய ஓடுகளும் உடைந்த பீங்கானும் இவர்களுக்கு மூலப்பொருளாயின. அவற்றைத் துண்டுகளாக்கிப் பதிக்கும் இம்முறையைக் கத்தலான் மொழியிலே ‘திரெங்கதீஸ்’ என்பர். வளைந்த பரப்பிலே முழு ஓடு படியாது, துண்டு படியும். ஆகவே சிக்கனத்தோடு வசதியும் அதிலே சேர்ந்திருந்தது.

வீதிகளை அமைக்கும்போதும் குன்றை வெட்டிச் சமப்படுத்த கௌடி உடன்படவில்லை. அங்கே தோண்டிய கல்லையே கொண்டு, சாய்ந்த தூண்களின்மேல் பாலங்களாக வீதியைத் தாங்கச் செய்தார். ஏற்கெனவே நின்ற ஒலிவ மரங்களையும் கரோபு மரங்களையும் காத்து, மிகுநீர் வேண்டாத பைன் முதலியவற்றை நட்டார். சற்றுத் தூரத்திலிருந்து பார்த்தால் எது மரத்தின் அடி, எது கல்தூண் என்று கண் தடுமாறும்.

இவ்வளவும் செய்து முடித்தும் காணி விலைபோகவில்லை. 60 துண்டுகளுக்கு எழுந்தவை இரண்டே வீடுகள். குன்றுக்கு ஏறிச்செல்லத் தக்க வண்டி வசதி இல்லை. விற்பனை நிபந்தனைகளோ வாங்குவோர் தலையைச் சுற்றவைத்தன. ஒரு வழக்கறிஞர் துணிந்து வாங்கிக் குடியேறினார். மாதிரிக்கென்று கட்டிய மற்ற வீட்டை வாங்குவார் எவரும் இலராக, 1906 இல் கௌடியே அதை வாங்கி, முதிய தந்தையாருடனும் மருமகளுடனும் குடிபுகுந்தார். மருமகள் என்றது உடன்பிறந்தாளின் மகளை, அவர் மணஞ்செய்தவரல்லர். தந்தையார் அவ்வாண்டிலேயே காலமானார். 1912 இல் அப்பெண்ணும் மறைந்தாள். தம் திட்டம் தோற்றுக் கிடப்பதை நாள்தோறும் பார்த்துக்கொண்டே கௌடி 1925 வரையில் அங்கு வாழ்ந்தார்.

1914 இல் வேலை நின்றது. குவெலும் அக்குன்றிலேயே, பழைய மாளிகையொன்றில் வாழ்ந்து 1918 இல் இறந்தார். தம் காலத்திலேயே அவர் பெருமுற்றத்தைப் பொதுவிழாக்களுக்குத் திறந்துவிட்டதுண்டு. 1922 இல் அவர் வாரிசுகளிடமிருந்து நகரசபை அந்நிலத்தை வாங்கியது. 1926 இல் அது பொதுப்பூங்காவாயிற்று. அதே ஆண்டு யூன் மாதத்திலே டிராம் வண்டி மோதிக் கௌடி வீழ்ந்தார். உடையின் எளிமை கண்டு, வந்தவர்கள் அவரை ஏழை யாரோ என்று எண்ணினர். மூன்று நாட்களில் உயிர் பிரிந்தது. குவெலின் மாளிகை பின்னர்ப் பள்ளிக்கூடமாயிற்று. குடியிருப்பாளரின் சந்தைக்கென்று எழுப்பிய தூண்மண்டபம் சந்தையாகவே இல்லை. அயலவர் பிள்ளைகள் ஓடிவிளையாடும் இடமாயிற்று.

1984 இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமையாக ஏற்றபின் உலகமே திரண்டு வரத் தொடங்கியது. 2007 இல் சில கயவர் படிக்கட்டு விலங்கை அடித்துச் சிதைத்தனர். பின்னர் அது செப்பனிடப்பட்டது. 2013 முதல் முற்றமும் மண்டபமும் அடங்கிய பகுதிக்கு நுழைவுச்சீட்டு ஏற்பட்டது. மதில் கடந்து பொதுமக்கள் கைக்கு வந்த இடத்தைச் சுற்றி மறுபடியும் ஒரு வேலி எழுவதா என்று அயலவர் சினந்தனர். அவர்களுக்குக் கட்டணம் இல்லையென்று விலக்கு அளிக்கப்பட்டபோதும் மனத்தாங்கல் முற்றும் தீர்ந்ததாகத் தெரியவில்லை. அச்சினத்திலே நியாயம் உண்டென்றே யான் கருதுகிறேன். காலடிகள் பெருகினால் ஓடு தேயும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

வண்டியில்லாமையாலே ஒருகாலத்தில் வாங்குவாரற்றுப் போன அக்குன்றுக்கு 116 ஆம் இலக்கச் சிறு பஸ் ஒன்று ஓடுகிறது. சுற்றுலாப் பயணிகள் அதனை நிறைத்துவிட, கைப்பையோடு வீடு திரும்பும் முதியோருக்கு ஏற இடமில்லாது போயிற்று. 2024 ஆம் ஆண்டிலே நகரசபை தலையிட்டு, இணைய வரைபடத்திலிருந்து அவ்வழியையே அகற்றுவித்தது. வெளியூரார்க்கு அந்தப் பஸ் கண்ணுக்குப் புலப்படாது போகவே, அயலவர்க்கு மீண்டும் இருக்கை கிடைத்ததாம்.