நாய் போன தெரு

2025 ஆகஸ்ட் மாதம் உச்ச நீதிமன்றம் தெருநாய்களைப் பற்றி உத்தரவு போட்டாலும் போட்டது, நம்ம ஊர் டீக்கடை முதல் காலை நடைப்பயிற்சி வரைக்கும் அதே பேச்சுதான். டெல்லி நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது 11ஆம் தேதி உத்தரவு. 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுங்கள், வெறிபிடித்ததையும் ஆளைக் கடிக்கிற முரட்டு நாயையும் மட்டும் விடாதீர்கள் என்றார்கள். இந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒருவர் இப்படிக் கேட்பார்: "மனுஷனை விட நாய் பெருசாய்யா?"

இது இன்று முளைத்த கேள்வி இல்லை. நம் நாட்டுச் சரித்திரத்தில் இது பல முறை எழுந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

முதலில் நினைவுக்கு வருபவர் மனுநீதிச் சோழன். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தின் தொடக்கத்தில் வைத்த கதை. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் இதைச் சொல்கிறாள். திருவாரூரில் கல்தேர் நிற்கிறது, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையும் இருக்கிறது. இளவரசன் தேர் ஏறிக் கன்று செத்தது, பசு மணியடித்தது, ராஜா தன் மகன் மேலேயே தேரை ஏற்றினான். ஒரு கன்றுக்காகப் பெற்ற பிள்ளையைக் கொல்வானா என்று சின்ன வயதில் எல்லாரும் கேட்டிருப்போம். கதையை நிதானமாகப் படித்தால் ராஜா நிறுத்துப் பார்த்தது கன்றையும் பிள்ளையையும் அல்ல என்று தெரியும். பிள்ளையை இழந்த பசுவையும் பிள்ளையை இழக்கப்போகும் தன்னையும்தான் அவன் தராசில் வைத்தான். அதற்கு வந்த துக்கம் எனக்கும் வரட்டும் என்றான். மாட்டின் மேல் வைத்த பாசம் அந்தக் கதையில் எங்கும் கிடையாது. அரண்மனை வாசலுக்கு வந்து மணியடித்தவர் யாராக இருந்தாலும் முறையீட்டைக் கேட்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

இதற்கு நேர் எதிரான ராஜா ஒருவரும் இருந்தார். குஜராத்தில் ஜுனாகத் சமஸ்தானத்து நவாப் மகபத் கான். நூற்றுக்கணக்கான நாய்களை வளர்த்தவர். ரோஷனாரா என்ற செல்ல நாய்க்கு ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்து வைத்தவர் என்று சொல்வார்கள். 1947இல், பெரும்பாலும் இந்துக்கள் வாழ்ந்த தன் சமஸ்தானத்தைப் பாகிஸ்தானோடு சேர்த்தார். அதனால் வந்த குழப்பத்தில் அந்த ஆண்டு அக்டோபர் கடைசியில் விமானத்தில் கராச்சிக்குப் போய்விட்டார். சமஸ்தானங்களை இணைத்த வேலையில் சர்தார் படேலுக்கு வலது கையாக இருந்த வி.பி.மேனன், அப்போது பேசிக்கொண்டதாக ஒரு செய்தியைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். நவாபின் பேகம்களில் ஒருவர் குழந்தையை அரண்மனையிலேயே விட்டுவிட்டது நினைவு வந்து, எடுத்து வரும்வரை காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். அவர் அந்தப் பக்கம் போனதும் நவாப் இன்னும் இரண்டு நாய்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாராம். 1948 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில் பாகிஸ்தானுக்கு விழுந்த ஓட்டு வெறும் 91.

நவாபை நினைத்தால் சிரிப்பு வருகிறது. அடுத்துச் சொல்லப் போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நம்ம சங்கரன்கோவிலுக்குப் பக்கத்திலிருக்கிற செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்ச் சீமை என்பது நம் வயதுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அந்தச் சீமையில் வைக்கம் என்ற ஊர். அங்கே மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. கோயிலுக்குள் நுழைவதை விடுங்கள், வெளியே தெருவில் நடப்பதற்கே தடை. அதே தெருவில் நாய் போகலாம், மாடு போகலாம், பன்றி போகலாம். 1924 மார்ச் 30ஆம் தேதி சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் எல்லாம் சிறைக்குப் போனபிறகு, அப்போது தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்த ஈ.வெ.ராமசாமி ஏப்ரலில் அங்கே போனார். இரண்டு முறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் போராட்டத்தில் நின்றார். 1925 கடைசியில் மூன்று பக்கத்துத் தெருக்கள் திறந்தன. 1936 நவம்பர் 12இல் வந்த ஆலயப் பிரவேசப் பிரகடனத்தோடுதான் முழு வழியும் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து, 1927 மார்ச் 20ஆம் தேதி, பம்பாய் மாகாணத்து மகாடில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சவ்தார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். கால்நடைகள் வாய் வைத்துக் குடிக்கிற பொதுக்குளம் அது. நகராட்சியே எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டிருந்தது. ஆனாலும் இவர்கள் குடித்ததும் தீட்டுப்பட்டுவிட்டது என்று, பால், தயிர், சாணம், கோமியம் எல்லாம் கலந்து 108 பானை ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள்.

இந்த இரண்டு ஊரையும் சேர்த்து யோசித்தால் ஒன்று விளங்கும். வைக்கத்தில் தெருவை மூடியவர்கள் நாய்ப் பிரியர்கள் இல்லை. அந்த நாய்க்கு அவர்கள் சோறு வைத்திருக்கக்கூட மாட்டார்கள். அது யாரையும் எதிர்த்து எதையும் கேட்காது, அதனால் தெருவில் நடந்தால் அவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மனிதன் நடந்தால் நாளைக்கு உரிமை கேட்பான். ஆக, மனிதனை நாய்க்குக் கீழே வைத்தது நாயின் மேல் உள்ள அன்பு இல்லை, மனிதர்களுக்குள்ளே போட்டு வைத்த படிக்கட்டு.

இப்போது நாய்க்கடிக்கு வருவோம். நம் வயதுக்காரர்களுக்கு நாய்க்கடி என்றால் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசிதான். அந்த மருந்து ஆட்டு மூளையிலிருந்து செய்தது. டேவிட் செம்பிள் என்பவர் 1911இல் கசௌலியில் கண்டுபிடித்த முறை. நம் பக்கத்துக்கு மருந்து கொடுத்தது குன்னூர் பாஸ்டர் நிலையம். அது எப்படி வந்தது தெரியுமா? 1902இல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தார். தென்னிந்தியாவில் அப்போது அதற்கு வைத்தியமே கிடையாது. அந்தச் சாவு வெள்ளைக்காரர்களை உலுக்கிவிட்டது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து, 1907இல் குன்னூரில் நிலையம் திறந்தார்கள்.

அதற்கு முன்பு நம் கிராமங்களில் நாய் கடித்துச் செத்தவர்கள் இல்லையா? இருந்தார்கள். பெயரும் முகமும் தெரிந்த ஒருத்தி சாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். மனித மனசு இப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் வாசல் திறந்த பிறகு, அந்த மருந்து யாரென்று பார்க்காமல் லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓர் உயிருக்காக அழுததில் பல உயிர் பிழைத்தது.

இந்த மனசைப் பற்றி இப்போது ஆராய்ச்சியே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 573 பேரிடம், பஸ் மோத வருகிறது, நீங்கள் வளர்க்கும் நாயையா ஒரு மனிதரையா யாரைக் காப்பாற்றுவீர்கள் என்று கேட்டார்கள். மனிதர் ஒரு வெளிநாட்டுப் பயணி என்றபோது சுமார் 40 சதவீதம் பேர் நாயைத்தான் என்றார்கள். அதே மனிதர் உடன்பிறப்போ உயிர் நண்பரோ என்றால் அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. மனசு நாயா மனிதனா என்று பார்க்கவில்லை, நம்மவரா அந்நியரா என்று பார்த்திருக்கிறது.

2021இல் வந்த இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் பலர் ஒரு நாயின் உயிரும் ஒரு மனிதனின் உயிரும் ஒன்றுதான் என்றார்கள். பெரியவர்களோ, 100 நாய்கள் போனாலும் ஒரு மனிதனைத்தான் காப்பாற்றுவோம் என்றார்கள். இந்த ஏற்றத்தாழ்வைப் பிறக்கும்போதே நாம் முழுசாகக் கொண்டு வருவதில்லை, வளர வளரத்தான் கூடுகிறது என்றுதானே அர்த்தம்? விலங்குக்கு மேலே மனிதன் என்று கற்றுக்கொடுத்தோம், சரி. அதே திண்ணையில் வைத்துத்தானே மனிதனுக்கு மேலே மனிதன் என்பதையும் கற்றுக்கொடுத்தோம்!

நம் பக்கத்து ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலை போட்டார்கள். நமக்கெல்லாம் பெருமைதான். அந்த மாதிரி நாய் கூடத்தில் காலை நீட்டிப் படுத்திருக்க, வேலைக்கு வந்த அம்மாவுக்குக் கொல்லைப்புறத்தில் தனி டம்ளரில் காப்பி கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாயைக் கூடத்திலிருந்து விரட்டினால் அந்த அம்மாவுக்கு நியாயம் கிடைத்துவிடாது. டம்ளரை மாற்ற வேண்டும்.

தெருநாய் விவகாரத்திலும் இதையே சொல்வேன். விடிவதற்கு முன்னே தெருக்கூட்ட வருகிறவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து விசைத்தறியிலிருந்து நடந்து திரும்புகிறவர்கள், பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் பிள்ளைகள், இவர்கள்தான் நாய்க்குப் பயந்து நடக்கிறார்கள். காரில் போகிறவர்களுக்கு அந்தப் பயம் தெரியாது. நாய்க்கு பிஸ்கட் போடுகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு ஊசியும் கருத்தடையும் நடந்ததா என்று நகராட்சியைப் போய்க் கேட்க வேண்டும். மனுஷன்தான் பெருசு என்கிறவர்கள் அரசு ஆஸ்பத்திரியில் நாய்க்கடி மருந்து இருப்பு இருக்கிறதா என்று போய்க் கேட்க வேண்டும். இரண்டு பேரும் கேட்டுவிட்டு வரட்டும். அதற்கப்புறம் எது பெருசு என்று எத்தனை டீ வேண்டுமானாலும் குடித்துக்கொண்டு பேசலாம்.