புட்டிப்பால் மறுத்தல்

தாயின் மார்பில் மனநிறைவோடு பால் குடித்து வளரும் சிசு, அதே பாலைப் புட்டியில் ஊற்றி ரப்பர்க் காம்பின் வழியாகக் கொடுக்கும்போது உதட்டை இறுக மூடியும், நாக்கால் காம்பை வெளியே தள்ளியும், உடம்பை வில்லாக வளைத்து அழுதும் ஏற்க மறுப்பது புட்டிப்பால் மறுத்தல் எனப்படும். பெரும்பாலும் தாய் மீண்டும் வேலைக்குப் புறப்படும் தறுவாயில்தான் இது தலைகாட்டுகிறது. இந்தியாவில் 1961-ஆம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த சம்பளத்துடன் கூடிய விடுமுறை 26 வாரமாக உயர்ந்தது. ஆயினும் வயலிலும், சிறு கடைகளிலும், பிறர் வீட்டுச் சமையற்கட்டிலும் பாடுபடும் லட்சக்கணக்கான பெண்களுக்கு அந்தச் சலுகை எட்டவில்லை. இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போயாக வேண்டிய அவர்களே இந்தச் சங்கடத்தை மிகுதியும் அனுபவிக்கிறார்கள்.

இதைப் பிடிவாதம் என்று சொல்வது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். பிறந்த சிசுவின் வாய்க்குள் எது பட்டாலும் தானாகவே சப்பும் அனிச்சைச் செயல் இயற்கையிலேயே அமைந்திருக்கிறது. மூன்று நான்கு மாதங்களில் அது மெல்ல அடங்கி, சப்புவது குழந்தையின் இச்சைக்கு உட்பட்ட காரியமாகிவிடுகிறது. அதற்கு முன்பே, தாய்ப்பால் நன்றாக ஊறிக் குழந்தையும் மார்பில் பழகிவிட்ட நாலாம் வாரத்துக்கும் ஆறாம் வாரத்துக்கும் இடையில் எப்போதாவது ஒரு வேளை புட்டியைப் பரிச்சயம் செய்துவைத்தால் பெரும்பாலான குழந்தைகள் மறுப்பதில்லை. மேலும் இரண்டிலும் குடிக்கும் விதமே வேறு. மார்பில் குழந்தை வாயை அகலத் திறந்து, காம்போடு அதைச் சுற்றியுள்ள கரிய வட்டத்தையும் கவ்வி, தாடையையும் நாக்கையும் அசைத்துப் பாலை வரவழைக்கிறது. பால் சுரந்து இறங்கும்போது விழுங்கி, ஓயும்போது தானும் ஓய்கிறது. புட்டியைக் கவிழ்த்தாலோ, கேட்பதற்கு முன்பே பால் தொண்டையில் வந்து விழுகிறது. அந்தத் திணறலை ஒருமுறை அனுபவித்த குழந்தை மறுமுறை புட்டியைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வதில் வியப்பில்லை.

சில சமயம் குற்றம் பாலிலேயே இருக்கக்கூடும். தாய்ப்பாலில் கொழுப்பைப் பிரிக்கும் லைபேஸ் என்னும் நொதி உண்டு; சில தாய்மாரின் பாலில் அது மிகுதியாக வேலை செய்வதால், பீய்ச்சிக் குளிர்ப்பெட்டியில் வைத்த பால் சில மணி நேரத்தில் சோப்பு வாசனை அடித்துவிடுகிறது. அதனால் தீங்கு ஒன்றும் இல்லை எனினும் அந்த ருசி எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிப்பதில்லை. ஆகவே வைத்த பாலைத் தாயே ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பது நலம். வாசனை மாறியிருந்தால், அடுத்த முறை பீய்ச்சிய உடனே பாத்திரத்தின் ஓரங்களில் சிறு குமிழி எழும் அளவுக்கு மட்டும் சுடவைத்து, விரைவாக ஆற்றிப் பின்பு வைக்க வேண்டும். பீய்ச்சிய பால் 25 டிகிரி அளவுள்ள அறையில் நான்கு மணி நேரம் வரையிலும், குளிர்ப்பெட்டியின் உட்புறத்தில் நான்கு நாள் வரையிலும் கெடாது. நம் சித்திரை வெயிலில் வெளியே அவ்வளவு நேரம் வைப்பது உசிதமன்று.

பழக்குவதற்கு முதல் உபாயம், புட்டியைத் தாய் அல்லாத ஒருவர் கொடுப்பது. தாயின் வாசனை பக்கத்தில் இருக்கும்வரை குழந்தை அவளையே தேடுமாதலால், அவள் வேறு அறையில் இருப்பது மேல். கடும்பசியில் கதறும் குழந்தைக்குப் புதிதாக எதையும் கற்பிக்க முடியாது. அரைப்பசியில், விளையாட்டு மனநிலையிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கும் வேளையே தக்கது. மெதுவாகச் சொட்டும் காம்பை வெந்நீரில் சற்று நனைத்து, குழந்தையை ஏறக்குறைய நிமிர்ந்த நிலையில் வைத்து, காம்பை உதட்டில் தொட்டுக் காட்டி, அது வாயைத் திறந்து தானே வாங்கிக்கொள்ளும்வரை காத்திருந்து, புட்டியைப் படுக்கைவாட்டில் பிடித்தால் பால் தானாகப் பாயாமல் சப்பும் அளவே வரும். சில நிமிஷம் முயன்றும் அழுதால் அன்றைக்கு விட்டுவிட வேண்டும். அழும் வாயில் பாலைச் செலுத்தினால் புரையேறும். காம்பில் தேன் தடவிக் கொடுக்கும் வழக்கத்தை அறவே விலக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் முளைத்து, தசைகளைத் தளர்த்திவிடும் நஞ்சை உண்டாக்குவது உண்டு.

புட்டியோடு மார்பையும் மறுப்பது வேறு விஷயம். மூக்கடைப்பு, காதுவலி, வாயில் படரும் வெண்புண் ஆகியவை காரணமாயிருக்கலாம். காய்ச்சல், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல், பால் குடிக்கையில் வியர்த்து மூச்சு வாங்குதல், எடை ஏறாமை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

எவ்வளவு பழக்கியும் புட்டியைத் தொடாத குழந்தைக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒரு பாத்திரம் இருந்து வருகிறது. அகல் விளக்கு அளவில், நீண்ட குறுகிய மூக்கு வைத்து வெள்ளியிலோ எவர்சில்வரிலோ செய்த பாலாடை அது; சங்கு என்பதும் அதன் இனமே. மடியில் குழந்தையைச் சாய்வாக நிமிர்த்தி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்துப் பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சரித்தால், முதலில் நாக்கின் நுனி வெளியே வந்து தடவிப் பார்க்கும்; பிறகு சிறிது உறிஞ்சும், விழுங்கும், நிறுத்தி மூச்சு விடும். அந்த நிறுத்தத்துக்குக் காத்திருப்பதே இதில் முழு வித்தை. குழந்தையை மல்லாத்தி மூக்கைப் பிடித்துத் தொண்டையில் ஊற்றும் பழைய முறை மூச்சுக்குழலில் பால் இறங்கி உயிருக்கே ஆபத்தாகக் கூடியது. எந்த மூதாட்டி செய்தாலும் அதைத் தடுக்கத் தயங்கலாகாது. எடை குறைந்து பிறந்த சிசுக்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட நெறிமுறைகளில், மார்பில் குடிக்க இயலாதவர்களுக்குக் கிண்ணத்தையும் கரண்டியையும் போலவே பாலாடையும் அந்தப் பெயராலேயே குறிக்கப்பட்டிருக்கிறது.

சுத்தத்திலும் பாலாடைக்கே முதலிடம். திறந்த பாத்திரமாதலால் விரலால் தேய்த்துக் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்துவிடலாம். புட்டியின் கழுத்திலும் காம்பின் மடிப்பிலும் தங்கும் பால்திவலையோ வயிற்றுப்போக்குக்கு விதையாகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீண்ட ரப்பர்க் குழாய் பொருத்திய புட்டிகள் கழுவ முடியாமல் கிருமிகள் தங்கிப் பல சிசுக்களின் உயிரைக் குடித்தன. தாய்ப்பாலைக் காக்கும் நோக்கத்தோடு இந்தியா 1992-இல் இயற்றி 2003-இல் கடுமையாக்கிய சட்டம், பால் புட்டிகளுக்கும் மாற்றுப் பாலுக்கும் விளம்பரம் செய்வதையே தடைசெய்திருக்கிறது.

பகலில் தாய் இல்லாதபோது சிறிதளவே குடித்து, அவள் திரும்பியதும் இரவெல்லாம் மார்பில் ஈடுசெய்துகொள்ளும் குழந்தைகளும் உண்டு. எடை ஒழுங்காக ஏறி, நாளுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிந்தால் அதுபற்றிக் கவலை வேண்டியதில்லை. ஆறு மாதம் நிறைந்து குழைந்த சோறும் பருப்பும் தொடங்கிய குழந்தை, சிறு டம்ளரில் பிறர் பிடித்துக் கொடுக்கக் குடிக்கக் கற்றுக்கொள்கிறது. புட்டியை ஒரு நாளும் வாயில் வாங்காமலே அது வளர்ந்துவிடலாம்.