உழவாரமும் நைலான் நரம்பும்

நால்வர் திருமேனிகள் வரிசையாக நிற்கும் சந்நிதியில் திருநாவுக்கரசரை அடையாளம் காண்பது எளிது. மழித்த தலை, உருத்திராக்கம், குவித்த கைகள். தோள்மீது சாய்ந்து நிற்கும் நீண்ட காம்பு, அதன் நுனியில் அகன்ற தட்டை இரும்பு. அதுதான் உழவாரம். கடவுளர்க்கு வேலும் சூலமும் உள்ளதுபோல் இந்த அடியாருக்குப் புல் செதுக்கும் கருவி. சேக்கிழார் அதைப் 'படை' என்றே சொல்லிவிடுகிறார். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் கிடக்க, அவற்றையும் கல்லோடு கல்லாக வாரி அப்பர் குளத்தில் எறிந்தார் என்னும் பெரியபுராணக் காட்சியில் அந்தக் கருவிக்கும் பாதிப் பங்கு உண்டு.

இந்தக் கருவியின் கதை பெரும்பாலும் கடலூர் வட்டாரத்துக் கதை. அப்பர் பிறந்த திருவாமூர் பண்ணுருட்டிக்கு அருகில். அவர் தருமசேனராக இருந்த சமணப்பள்ளி பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரில். இன்றைய கடலூர் நகருக்குள் அடங்கிவிட்ட ஊர். கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டவர் கரை சேர்ந்த இடம் என்று வண்டிப்பாளையத்தை அடுத்த கரையேறவிட்டகுப்பத்தை மரபு சுட்டுகிறது. அவருக்கு முன்பே திருவதிகை வீரட்டானத்தில் விடியுமுன் எழுந்து அலகிட்டு மெழுகியவர் தமக்கை திலகவதியார். ஏழாம் நூற்றாண்டின் இந்தக் குடும்பம்தான், கோயிலைத் துப்புரவாக வைத்திருப்பதே வழிபாடு என்னும் எண்ணத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொடுத்தது எனலாம். இன்று ஞாயிறுதோறும் பாழடைந்த சிவாலயங்களைத் தேடிச் செல்லும் உழவாரப்பணிக் குழுக்கள் அதன் நேர்வாரிசுகள்.

அந்த வாரிசுகளின் கையில் இப்போது உழவாரம் இல்லை, பெட்ரோல் எந்திரம் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள எந்தச் சிற்றூர்க் கோயிலுக்குள்ளும் நுழைந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: இடுப்புயரக் கோரை, நெருஞ்சி, பார்த்தீனியம். பத்துப் பேர் இரண்டு நாள் செதுக்குவதை ஓர் எந்திரம் ஒரு முற்பகலில் முடித்துவிடும். அத்தகைய ஒரு கோயிலில்தான் அந்த ஓசையைக் கேட்டேன். புல்லில் ஓடும் இரைச்சலுக்கு நடுவே 'ணங்' என்று ஒரு கூர்மையான ஒலி. ஓடிப்போய்ப் பார்த்தால், எந்திரத்தின் முனையில் மூன்று பல் இரும்புத் தகடு. எதிரே அதிட்டானத்தின் குமுதப்படையில் புதிதாகத் தெறித்த வெண்மை. அங்கே ஒரு கல்வெட்டு வரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு எழுத்துகள் போயின.

"நரம்பு போட்டா அடிக்கடி அறுந்துடுதுங்க ஐயா, தகடுன்னா கவலை இல்லை" என்றார் எந்திரம் பிடித்தவர். அவர் சொன்னது பொய்யன்று. ஆனால் அந்த அறுந்துபோகும் குணத்துக்காகத்தான் நரம்பைக் கண்டுபிடித்தார்கள்.

நைலானை 1935இல் அமெரிக்காவின் டியூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கினார். 1938இல் அது முதன்முதலாகக் கடைக்கு வந்தது பல் துலக்கும் தூரிகையின் மயிராக. பின்னர் தூண்டில் நரம்பாயிற்று. கார் கழுவும் எந்திரங்களின் சுழல் தூரிகையும் ஆயிற்று. 1971இல் ஹூஸ்டன் நகரில் அத்தகைய எந்திரத்துக்குள் தம் காரில் அமர்ந்திருந்த ஜார்ஜ் பல்லாஸ், வண்ணப்பூச்சைக் கீறாமல் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து அழுக்கெடுக்கும் அந்த இழைகளைக் கவனித்தார். வீட்டுக்குப் போய்ப் பழைய சோளப்பொரி டப்பா ஒன்றில் துளையிட்டுத் தூண்டில் நரம்பைக் கோத்துச் சுழற்றினார். மரத்தடிப் புல் அறுந்தது, மரம் பெரிதாகக் காயப்படவில்லை. பல் ஈறுக்கென வந்த பொருள் புல்லுக்கு வந்து சேர்ந்த வழி இது.

சுழற்சிதான் நரம்பை வாளாக்குகிறது. நிமிடத்துக்கு 7000 சுற்று, வெட்டு வட்டம் 40 சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன் நுனி நொடிக்கு ஏறத்தாழ 145 மீட்டர் வேகத்தில் செல்கிறது. பச்சைத் தண்டை அது அறுக்கும். கருங்கல்லில் பட்டால் தான் தேயும். இரும்புத் தகட்டுக்கு அந்தப் பணிவு கிடையாது. எனவே கோயிலுக்குள் தகடு கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. மதிலுக்கு வெளியே முட்புதரை வெட்ட வைத்துக்கொள்ளட்டும்.

நரம்பிலும் வகைகள் உண்டு. சதுரமும் நட்சத்திர வடிவமும் விளிம்பின் கூர்மையால் புல்லைத் துப்புரவாக வெட்டும். கல்லருகே சீக்கிரம் முறியும். உருண்டை நரம்பு சற்று மந்தம், ஆனால் கல்லைத் தாங்கும். அருகம்புல்லுக்கு 2.4 மில்லிமீட்டர் போதும். தண்டு முற்றிய கோரைக்கு 3 மில்லிமீட்டர் வரை போகலாம். அதற்குமேல் தடித்தால் சிறிய எந்திரம் திணறும். தரையில் தட்டினால் நரம்பை நீட்டித் தரும் தலை திறந்த வெளிக்கு நல்லது. சுவரோரம் அடிக்கடி அறுபடும் இடத்தில், வெட்டிய துண்டுகளைச் செருகும் எளிய தலையே தொல்லையில்லாதது. நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். சித்திரை வெயிலில் காய்ந்த சுருளை முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டால் முறிவு குறையும். நரம்பும் சுண்ணாம்புக் காரையைப் பெயர்த்துவிடும், இளங்கன்றின் பட்டையை உரித்துவிடும் என்பதை மறக்கலாகாது. தேய்ந்த நைலான் துணுக்குகள் மக்காமல் மண்ணிலேயே கிடக்கும் என்பது வேறு கவலை.

ஆயினும் எந்திரத்தால் ஆகாத ஒன்று உண்டு. அது மேலே வெட்டுகிறது. உழவாரம் தரையோடு செதுக்கி வேரை எடுக்கிறது. அருகும் கோரையும் மண்ணுக்குள் தண்டும் கிழங்கும் வைத்திருப்பவை, வெட்ட வெட்டத் தழைப்பவை. மட்கிய புல்லும் வேரும் ஆண்டுதோறும் மண்ணைச் சேர்த்துத் தரையை உயர்த்த, உபானமும் அதன்மேல் சகதியும் அவற்றிலுள்ள கல்வெட்டுகளும் புதையுண்டு போகும்.

முதற்குலோத்துங்கனுக்கும் விக்கிரமசோழனுக்கும் படைத்தலைவனாயிருந்த நரலோகவீரனின் திருப்பணிகள் சிதம்பரத்திலும் திருவதிகையிலும் வெண்பாக்களாகக் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. தேவாரத்தைச் செப்பேட்டில் பொறித்துத் தில்லையில் வைத்தவன் அவன் என்பது அந்தக் கல்வெட்டு இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்திராது. அப்பரின் பாட்டைக் காத்தவன் பெயரைக் காத்தது கல். பெருங்கோயில்களில் அவை படியெடுக்கப்பட்டுவிட்டன. சிற்றூர்க் கோயில்களில் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்பதை யாரும் படித்து முடிக்கவில்லை.

சென்ற தை மாதம் அதே கோயிலுக்கு மீண்டும் போனேன். திறந்தவெளியில் எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, நரம்போடு. கருவறைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நீளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். கோட்டுக்குள்ளே மூன்று பேர் குந்தியும் நின்றும் செதுக்கிக்கொண்டிருந்தனர். கொல்லுப் பட்டறையில் சொல்லிச் செய்த உழவாரங்கள். காம்பு இன்னும் பச்சை மூங்கில். மண் ஒரு சாண் இறங்கியிருந்தது. புதிதாக வெளிவந்த கல்லில் ஒருவர் ஈரத்துணியால் துடைத்து, எழுத்து இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.