துள்ளுமாரியும் சீம்பாலும்

கொழுத்த குட்டிதான் முதலில் சாகும். இரவு தாயிடம் வயிறு முட்டப் பால் குடித்த குட்டி, விடியும்போது துள்ளி விழும், கழுத்து பின்னால் வளையும், கால்களை உதறும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஆடு வளர்ப்போர் இதைத் துள்ளுமாரி என்கிறார்கள். பழனி மலையில் அடுக்கம் போன்ற ஊரானாலும், கீழே சமவெளியானாலும், மழைக்குப் பின் இளம்புல் தழைக்கும் காலத்தில் இந்தப் பயம் அதிகம்.

நோஞ்சான் குட்டி பிழைக்க, நல்ல குட்டி ஏன் சாக வேண்டும்?

1892இல் அமெரிக்காவில் வெல்ச், நட்டால் என்ற இருவர் ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார்கள். இன்று அதன் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சன்ஸ். இதன் 'டி' வகைதான் துள்ளுமாரிக்குக் காரணம். நலமாக உள்ள ஆட்டின் குடலிலும் இது சிறிதளவு இருக்கும். செரிக்காத பாலோ தானியமோ சிறுகுடலில் சேர்ந்தால் பெருகி நஞ்சைச் சுரக்கும். நஞ்சு ரத்தத்தில் கலந்து மூளையைத் தாக்கும். செம்மறி ஆடுகளில் இதை 1932இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் பென்னெட்ஸ் விளக்கினார். ஆக, நிறையக் குடிப்பதே குட்டிக்கு எமனாகிறது.

ஆனால் காப்பதும் தாய்ப்பால்தான். 1892இலேயே ஜெர்மனியில் பால் எர்லிக் ஒரு சோதனை செய்தார். குன்றிமணி, ஆமணக்கு விதைகளின் நஞ்சைத் தாங்கப் பழகிய தாய் எலியிடம் வேறு எலியின் குட்டிகளைப் பால் குடிக்க விட்டார். அந்தக் குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. எதிர்ப்புச் சக்தி பால் வழியாகச் செல்கிறது என்பது தெரிந்தது.

ஆட்டுக்குட்டிக்கு இது இன்னும் முக்கியம். கருவில் தாயின் எதிர்ப்புச் சக்தி அதற்குக் கிடைப்பதில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் கிடைக்கிறது. அதனால்தான் சினை ஆட்டுக்கு ஈனுவதற்குச் சில வாரங்கள் முன்பே தடுப்பூசி போடப்படுகிறது.

பென்னெட்ஸின் ஆய்வு வந்த அதே 1932இல்தான் இராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தொடங்கியது. துள்ளுமாரிக்கான தடுப்பூசியும் அங்கே தயாரானது. ஆனால் செம்மறியைப் போல வெள்ளாட்டில் அதன் பலன் நீடிப்பதில்லை. தவறாமல் திரும்பப் போட வேண்டும்.

நாலு ஆடு வைத்திருக்கும் குடும்பத்துக்குக் குட்டிதான் சேமிப்பு. நோய் வந்தபின் மருந்து தேட நேரம் இருக்காது. ஊசி தாய்க்கு, சீம்பால் குட்டிக்கு. இரண்டும் நேரத்தில் கிடைத்தால் அந்தச் சேமிப்பு தப்பிக்கும்.