மாண்டலின் இழந்த தந்திகள்

தொண்ணூறுகளில் சூலூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில், முகூர்த்தம் முடிந்து மேளக்காரர்கள் பந்திக்கு எழுந்து போனதும் ஸ்பீக்கரில் மாண்டலின் கேசட் ஓடும். வாசிப்பது ஸ்ரீநிவாஸ் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வாத்தியத்துக்கு எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை.

ஊர் இத்தாலியின் நேப்பிள்ஸ். 18ஆம் நூற்றாண்டில் வினாச்சியா குடும்பத்தார் செய்த மாண்டலினுக்குக் குடவயிறு; எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. சுருதி வயலினுடையதே. அதனால் வயலின் பழகிய விரல் இதில் தடுமாறாது. பிழைப்புத் தேடி அமெரிக்கா போன இத்தாலியர்களோடு இதுவும் கப்பலேறியது. அங்கே ஆர்வில் கிப்சன் என்பவர் குடவயிற்றைக் கைவிட்டு, வயலினைப் போல மரத்தைச் செதுக்கிச் செய்தார். 1902இல் அவர் பெயரிலேயே கம்பெனி வந்தது.

அதே அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்தின் ரோசீன் கிராமத்தில் 1911இல் பிறந்த பில் மன்றோ வீட்டுக்குக் கடைக்குட்டி. பிடிலும் கிதாரும் அண்ணன்மார் கைக்குப் போய்விட, மிச்சமிருந்த மாண்டலின் அவனுக்கு வந்தது. அதிலும் சத்தம் கூடாதென்று நான்கு தந்திகளைக் கழற்றச் சொன்னார்களாம். வளர்ந்தபின் அந்தப் பையன் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளவே இல்லை. மாமன் பென் வாசித்த கிராமத்து நடன மெட்டு, தேவாலயத்துப் பாட்டு, ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரின் புளூஸ் எல்லாம் அவர் கையில் ஒன்றாயின. 1939இல் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவோடு நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சிக்கு வந்தார். கென்டக்கியின் செல்லப் பெயரே குழுவின் பெயர். பிறகு அந்த இசைக்கே அதுதான் பெயர். குழுவில் டிரம் கிடையாது. தந்திகளை வெட்டி வெட்டி அடித்து, தாளத்தையும் மாண்டலினே சுமந்தது. கடவுள் பாட்டு வந்தால் பாஞ்சோவும் பிடிலும் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். நான்கு குரல்களுக்குத் துணையாக மாண்டலினும் கிதாரும் மட்டும்.

நம் பக்கம் சினிமா இசைக்குழுக்களில் மாண்டலின் இருந்தது, பாட்டின் இடையிடையே தலைகாட்டும் கருவியாக. கர்நாடகக் கச்சேரி மேடை அதற்கு எட்டாத உயரம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. கமகத்துக்கு ஸ்வரம் நீளவும் வேண்டும், வளையவும் வேண்டும். மாண்டலினில் மீட்டிய நாதம் சட்டென்று அடங்கிவிடும். ஜோடித் தந்தியை இழுத்தாலோ இரண்டும் ஒரே அளவில் வளையாது, அபஸ்வரம்தான்.

ஆந்திரத்துப் பாலக்கொல்லுவில் 1969இல் பிறந்த ஸ்ரீநிவாஸ், ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். மாண்டலின் வாசிக்கத் தெரியாதவர். அவர் பாடுவார், பையன் அதைத் தந்தியில் பிடிப்பான். இதைவிட நல்ல பயிற்சி அமைந்திருக்காது என்பேன். மாண்டலின் ஆசிரியர் கிடைத்திருந்தால் மாண்டலினுக்கு எது முடியாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்திருப்பார். பையன் ஜோடிகளைப் பிரித்து ஒற்றைத் தந்திகளாக்கினான். கீழ்ஸ்தாயிக்காக ஐந்தாவது தந்தி வந்தது. நாதம் நீள மின்சார மாண்டலின். அண்ணன்மார் மன்றோவின் தந்திகளைக் கழற்ற வைத்தது வாயடைக்க. இங்கே கழன்றதால்தான் வாத்தியம் பாடியது.

1981இல் சென்னை மேடை. இது என்ன மேல்நாட்டு வாத்தியம் என்று முகம் சுளித்தவர்களும் உண்டு, பக்கவாத்தியமாக வயலினை வைத்துக்கொண்டே! 19ஆம் நூற்றாண்டில் பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது அவர்களுக்கு மறந்துபோயிருக்கலாம். 1983இல் பெர்லின் ஜாஸ் விழா, 1998இல் பத்மஸ்ரீ, கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினோடு 'ரிமெம்பர் சக்தி' குழு என்று வாத்தியம் மறுபடியும் மேற்கே பயணப்பட்டது. 2014 செப்டம்பரில் ஸ்ரீநிவாஸ் 45 வயதில் காலமானார். அவரிடமே கற்ற தம்பி ராஜேஷ் தொடர்ந்து வாசிக்கிறார்.