விருதுநகர் வட்டாரத்தில் உணவு இடர்: மக்கள் புரிதலும் அரசு மேலாண்மையும்

ஆய்வுச் சுருக்கம்

எண்ணெய், மிளகாய் வற்றல் ஆகிய இரு வணிகப் பொருள்களை முன்வைத்து, 1918 முதல் உணவு இடரைச் சட்டமும் மக்களும் புரிந்துகொண்ட முறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் ‘கலப்படம்’ என்னும் கருத்திலிருந்து ‘இடர்’ என்னும் கருத்துக்கு நகர்ந்தது. மக்களின் மதிப்பீடோ விற்பவரையும் கண்முன் நிகழும் செய்முறையையும் சார்ந்தே நிற்கிறது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: உணவு இடர், கலப்படம், சமையல் எண்ணெய், மிளகாய் வற்றல், விருதுநகர், ஆமத்தூர்.

முன்னுரை

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் ஆமத்தூர். ஒருபுறம் எண்ணெய், பருப்பு, வற்றல் ஆகியவற்றின் மொத்த வணிகத்திற்குப் பெயர்பெற்ற நகரம். மறுபுறம் பட்டாசு, தீப்பெட்டித் தொழில்கள். வெடிவிபத்தின் இடர் நொடியில் வெளிப்படும். உணவின் இடர் பல ஆண்டுகள் கழித்தும், காரணம் அறியப்படாமலும் வெளிப்படலாம். இவ்வேறுபாடே உணவு இடரை ஆள்வதைக் கடினமாக்குகிறது.

கலப்படம் குற்றமாதல்

சென்னை மாகாணம் 1918இல் கலப்படத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. விடுதலைக்குப் பின் 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் நாட்டின் பெரும்பகுதிக்கும் பொதுவாக வந்து, 1955 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1964ஆம் ஆண்டுத் திருத்தம் குறைந்தளவாக ஆறு மாதச் சிறையை விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், கடும் தீங்கோ உயிரிழப்போ விளைவிக்கும் கலப்படத்திற்கு ஆயுள் தண்டனை வரை வழிவகுத்தது.

எனினும் தரத்திலிருந்து விலகிய தீங்கற்ற பொருளும் நஞ்சு கலந்த பொருளும் ‘கலப்படம்’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. ‘அறியாமல் விற்றேன்’ என்பது எதிர்வாதமாக ஏற்கப்படவில்லை. உரிய உத்தரவாதத்துடன் கொள்முதல் செய்த விற்பனையாளருக்கே விலக்குக் கிடைத்தது. எனவே மொத்தச் சந்தையில் சீட்டின்றி வாங்கிச் சிற்றூரில் விற்ற பெட்டிக்கடைக்காரரே வழக்கின் சுமையைத் தாங்க நேர்ந்தது. பொருள் கெட்ட இடமும் குற்றம் பிடிபட்ட இடமும் வேறாயின.

சில்லறை எண்ணெயும் நம்பிக்கையும்

1998இல் டெல்லியில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவி அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டே சமையல் எண்ணெயைச் சிப்பமிட்டே விற்க வேண்டும் என்னும் ஆணை பிறந்தது. வடபுலக் கடுகெண்ணெயில் நேர்ந்த பேரிடர், தென்புல நல்லெண்ணெய்க்கும் கடலையெண்ணெய்க்கும் உரிய விதியாயிற்று.

நாட்கூலிக் குடும்பம் அன்றைய தேவைக்குச் சிறு அளவில் வாங்கும் எண்ணெய், இவ்விதியின்படி ஐயத்திற்குரியது. மக்கள் மதிப்பீட்டிலோ கண்முன் செக்கில் ஆட்டிய எண்ணெயே தூயது. இவ்விரு நோக்கும் முழுமையானவை அல்ல. பூஞ்சை பற்றிய நிலக்கடலையில் உருவாகும் அஃப்ளடாக்சினை நிறத்தாலோ மணத்தாலோ உறுதியாக அறிய இயலாது. அதன் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கினும், ஒரு பகுதி சுத்திகரிக்கப்படாத எண்ணெயில் சேரும். செக்கு கலப்படத்தைத் தடுக்கலாம். பூஞ்சை நஞ்சைத் தடுக்காது. அதனைத் தடுக்க வேண்டிய இடம், நிலக்கடலையைக் காயவைக்கும் களமும் சேமிக்கும் கிடங்குமே.

ஒரே வற்றல், இரு அளவுகோல்

2003இல் பிரான்சில் இந்திய மிளகாய்ப் பொருள்களில் சூடான் சாயம் கண்டறியப்பட்டதும், ஐரோப்பிய ஒன்றியம் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. இந்திய நறுமணப் பொருள் வாரியமும் ஏற்றுமதி மிளகாய்க்குச் சோதனையைக் கட்டாயமாக்கியது. மிளகாயில் மொத்த அஃப்ளடாக்சினுக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவிற்கு 10 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 30. கப்பலேறும் வற்றல் சரக்கு முறையாகச் சோதிக்கப்படுகிறது. உள்ளூர்ச் சந்தைக்குரியதில் மாதிரி எடுக்கப்படும்போது மட்டுமே சோதனை நிகழ்கிறது. இடரைக் காணும் திறன் இருந்தும், அது வாங்குவோரின் வலிமைக்கேற்பப் பங்கிடப்படுகிறது.

இடர் மேலாண்மைக் காலம்

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5இல் நடைமுறைக்கு வந்தது. இது தரக்குறைவு, தவறான முத்திரை, பாதுகாப்பற்ற உணவு எனப் பிரித்து, முதலிரண்டிற்குத் தண்டத்தொகையையும் மூன்றாவதற்குச் சிறையையும் விதித்தது. அறிவியல் உறுதி கிட்டாத நிலையிலும் தற்காலிக நடவடிக்கைக்கு 18ஆம் பிரிவு இடமளிக்கிறது. 40ஆம் பிரிவின்படி வாங்குபவரும் கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தலாம். இவ்வுரிமையைப் பயன்படுத்தக் கட்டணமும் பகுப்பாய்வகம் செல்லும் பயணமும் தேவை. கூலித் தொழிலாளிக்கு அது ஒரு நாள் வருவாயை இழப்பதாகும்.

ரோடமின்-பி சாயம் கண்டறியப்பட்டதால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தின் மீதான தடை மக்களுக்கு எளிதில் விளங்கிற்று. பூஞ்சை நஞ்சுக்கு அத்தகைய அடையாளம் இல்லை.

முடிவுரை

நூற்றாண்டுக் காலச் சட்ட வரலாறு, ஏமாற்றைத் தண்டிப்பதிலிருந்து தீங்கை முன்னுணர்வதை நோக்கி நகர்ந்துள்ளது. ஆயினும் கண்காணிப்பு, பொருள் விளையும் களத்தைவிட அது விற்கப்படும் கடையிலேயே மிகுதியாக நிற்கிறது. மக்களின் நம்பிக்கையை அறியாமை எனத் தள்ளுவதும் பொருந்தாது. பகுப்பாய்வகம் எட்டாத இடத்தில் விற்பவரின் முகமே அவர்களுக்குக் கிடைத்த சான்று. ஆமத்தூர் போன்ற ஊர்களின் நுகர்வோருக்கும், ஏற்றுமதிச் சரக்குக்குக் கிடைக்கும் சோதனை எட்டும்போதே சட்டம் கூறும் ‘இடர் மேலாண்மை’ பொருளுடையதாகும்.