ஆலோசகர் வந்த வழி

அரசாங்கம் ஆலோசகரை அமர்த்துவது புதுமையன்று. முடியாட்சிக் காலந்தொட்டே அவ்வழக்கம் உண்டு. ஆயினும் அக்கால மந்திரி தன் சொல்லுக்குப் பொறுப்பாளியாக அவையில் நின்றான். இக்கால ஆலோசனை நிறுவனமோ கூலியைப் பெற்றுக்கொண்டு அகன்றுவிடுகிறது. விளைவைச் சுமப்பவர் மக்களே. தென்னாபிரிக்காவின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று.

நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1997இல் அமைக்கப்பட்டது தென்னாபிரிக்க இறைவரிச் சேவை. திறமைக்கும் நேர்மைக்கும் பெயர்பெற்ற அந்நிறுவனத்துக்கு, 2014 செப்டெம்பரில் ரொம் மொயானே என்பவரை ஆணையாளராக நியமித்தார் ஜனாதிபதி ஜேக்கப் சூமா. 2015 ஜனவரியில், அதனைச் சீரமைப்பதற்கென அமெரிக்க ஆலோசனை நிறுவனமான பெயின் உள்ளே வந்தது. சிறுதொகையில் தொடங்கிய ஒப்பந்தம், பகிரங்கக் கேள்விப்பத்திரம் கோரப்படாமலே வளர்ந்து 16 கோடி 40 இலட்சம் றாண்டை எட்டியது.

கைம்மாறாக நாடு பெற்றது யாது? பெருநிறுவனங்களின் வரியைக் கவனித்துவந்த தனிப்பிரிவு கலைக்கப்பட்டது. அனுபவமிக்க அதிகாரிகள் பலர் பதவியிழந்தனர். எஞ்சியோருட் சிலர் வேலையற்ற பதவிகளில் ஒதுக்கப்பட்டனர். வருவாய் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. இத்தகைய பற்றாக்குறையின் நடுவே, 2018 ஏப்ரலில் பெறுமதிசேர் வரி 14 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்த்தப்பட்டது. செல்வனின் கணக்கேட்டை ஆராயும் கை தளர்ந்தபோது, ஏழையின் கடைச்சாமானில் வரி ஏறியது.

2018இல் நீதிபதி றொபேர்ட் நியூஜென்ட் தலைமையில் அமைந்த ஆணைக்குழு உண்மையை வெளிக்கொணர்ந்தது. ஒப்பந்தம் பிறப்பதற்கு நெடுநாள் முன்னரே, பெயினின் தென்னாபிரிக்கத் தலைவர் சூமாவைப் பலமுறை சந்தித்திருந்தார். மொயானே ஆணையாளராவதற்கு முன்பே அவருடனும் உறவாடியிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் மொயானே பதவிநீக்கப்பட்டார். பெயின் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு, கட்டணத்தை வட்டியுடன் திருப்பிச் செலுத்தியது. கெடுநோக்கு இருந்ததென்பதை மட்டும் மறுத்தது. 2022இல் பிரித்தானிய அரசாங்கம் அந்நிறுவனத்தை மூன்றாண்டுகளுக்குத் தன் ஒப்பந்தங்களிலிருந்து விலக்கியது.

பணம் திரும்பலாம். சிதறிய அனுபவமும் குலைந்த நம்பிக்கையும் எளிதில் திரும்புமா?

ஆலோசகரின் புலமையை அளந்தால் மட்டும் போதாது. அவரை அழைத்தவர் யார், ஒப்பந்தத்துக்கு முன் அவர் யாரைச் சந்தித்தார், அவருடைய அறிக்கையைப் பாராளுமன்றம் படித்ததா என்ற கேள்விகள் தொடக்கத்திலேயே எழுப்பப்படல் வேண்டும். தென்னாபிரிக்காவில் அவை எழுப்பப்பட்டபோது வீடு எரிந்து முடிந்திருந்தது. மூடிய கதவுக்குப் பின்னே அமர்த்தப்படும் ஆலோசகர், அமர்த்தியவருக்கே ஊழியம் செய்வார். கூலி கொடுக்கும் மக்களுக்கல்ல.